பனியில் இருவர்



தமிழில் ‘பனி’ என்பது மிகச் சிறிய சொல். அது தாங்கி நிற்கும் பொருள்களோ பல. விடியற்காலையில் புல்லின் நுனியில் நிற்கும் துளியையும் பனி என்கிறோம். எதிரே வரும் ஆளைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் வெண்படலத்தையும் பனி என்கிறோம். இமயத்தின் முடியில் என்றும் உறைந்து கிடக்கும் வெண்மையும் நமக்குப் பனியே. வேறுபடுத்திச் சொல்ல வேண்டியபோது பனித்துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி என்று அடைமொழி சேர்த்துக் கொள்கிறோம்.

நம் முன்னோர் ஓர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பகுத்தனர். அவற்றுள் இரண்டு பருவங்கள் பனியின் பெயராலேயே அமைந்தன. மார்கழியும் தையும் முன்பனிக் காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். தொல்காப்பியம் மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சி நிலத்திற்குக் கூதிர்ப் பருவத்தையும் முன்பனிப் பருவத்தையும் உரியனவாகக் கூறுகிறது. மலையின் இயல்பு குளிர்காலத்தில்தான் முழுமையாக வெளிப்படும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.

வானத்திலிருந்து வெண்பனி பொழிய, முழங்கால் அளவு அது தரையில் குவிந்து கிடக்க, அதில் நடந்து செல்லும் அனுபவம் தமிழ்நாட்டில் நமக்குக் கிட்டுவதில்லை. நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளிமேல் உறைபனி படிவதுண்டு. ஏனைய மலைகளில் நாம் காண்பது பெரும்பாலும் மூடுபனியே. ஆயினும் வெண்பனி மலையில் நடப்போர்க்கு எந்தப் பாடம் உயிர் காக்கும் பாடமோ, அதே பாடத்தை நம் மூடுபனி மலைகளும் கற்றுத் தருகின்றன. குளிர்காலத்தில் துணையோடு மலைநடை செல்லும்போது, அந்தத் துணை எதற்காக என்பதே அப்பாடம். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது கொல்லிமலை. முன்பு சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997ஆம் ஆண்டு முதல் நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், ஏறத்தாழ ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் வயலும் தோட்டமுமாக விரிந்த மேட்டு நிலத்தைக் காணலாம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை இது. வன்பரணர் முதலிய புலவர்கள் அவனைப் பாடியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அவனுக்கு இங்கே விழா எடுக்கிறார்கள்.

இம்மலையில் ஊர்களின் தொகுதியை ‘நாடு’ என்று வழங்குவார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு என்று பல நாடுகள் உண்டு. அவற்றுள் ஒன்று வாழவந்தி நாடு. மலையின் தலைமை ஊராகிய செம்மேடு இந்நாட்டில் இருக்கிறது. இங்கு வாழும் பழங்குடி மக்களை மலையாளிகள் என்பர். கேரளத்து மக்களோடு இப்பெயரை வைத்துக் குழப்பிக் கொள்ளுதல் கூடாது. இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்பது இவர்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. அதைக் கேட்ட பிறகு, வாழவந்தி என்னும் பெயர் என் காதில் ‘வாழ வந்தோர்’ என்றே ஒலிக்கிறது.

அங்கே என் பழைய மாணவர் ஒருவர் இருக்கிறார். சமவெளிப் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தவர். இப்பொழுது நாற்பது வயதைக் கடந்தவர். தம் மூதாதையர் நிலத்தில் சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிறார். சிறிதளவு காப்பியும் மிளகும் பயிரிடுகிறார். சில ஆண்டுகளுக்கு முன், மார்கழி மாதக் கடைசியில், அவரோடு இரண்டு நாள் தங்கியிருந்தேன். விடியற்காலையில் இருவரும் நடை புறப்பட்டோம். பள்ளியில் அவர் பிந்தி வந்தால் நான் கடிந்ததுண்டு. அன்று அவர் என் நடையின் வேகத்திற்குத் தம் நடையைத் தளர்த்திக்கொண்டு வந்தார்.

காப்பித் தோட்டங்களின் ஊடே ஒற்றையடிப் பாதை சென்றது. காப்பிப் பழம் சிவந்து பறிக்கும் பருவம் அது. நிழலுக்காக வளர்த்த சில்வர் ஓக் மரங்களின் மேல் மிளகுக் கொடி படர்ந்திருந்தது. இலைகளிலிருந்து மழை பெய்வது போல நீர் சொட்டியது. ஆனால் மழை இல்லை. தோட்டத்தைக் கடந்து புல்வெளிக்கு வந்தோம். புல்லின்மேல் பனித்துளி அடர்ந்து படிந்திருந்ததால், அந்த இளவெளிச்சத்தில் வெளி முழுவதும் வெள்ளி பூசியது போலக் காணப்பட்டது. அதற்கு அப்பால் நிலம் சரிந்து, பாறை விளிம்பாகி, பெரும் பள்ளத்தில் முடிகிறது.

அப்பொழுது பள்ளத்திலிருந்து வெண்படலம் ஒன்று ஏறி வந்தது. முதலில் பாறை மறைந்தது. பிறகு மரங்கள் மறைந்தன. சிறிது நேரத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. என் மாணவர் அருகிலிருந்த ஒரு கல்லைக் காட்டி, “ஐயா, இதில் உட்காருங்கள். இது கலையும்வரை நடை வேண்டாம்” என்றார்.

“உனக்குத் தெரிந்த பாதைதானே தம்பி?” என்று கேட்டேன்.

“பாதை தெரியும் ஐயா. இந்தப் பனியில் நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்பதுதான் தெரியாமல் போய்விடும்” என்றார் அவர்.

இந்த மூடுபனி எப்படி உண்டாகிறது என்பதை இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். ஈரம் மிகுந்த காற்று மலைச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. சராசரியாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி செல்சியஸ் வெப்பம் குறையும் என்பது அறிவியல் நூல்கள் கூறும் கணக்கு. அக்குளிர்ச்சியில் காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. அடிவாரத்தில் நிற்பவன் அதை அண்ணாந்து பார்த்து மேகம் என்கிறான். அதற்குள் அகப்பட்டுக்கொண்டவன் மூடுபனி என்கிறான். ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான தொலைவுவரை மட்டுமே கண்ணுக்குத் தெரியுமானால் அது மூடுபனி என்று வானிலை அறிஞர்கள் வரையறுத்திருக்கிறார்கள். நாங்கள் அன்று கண்டதோ பத்தடி.

நாங்கள் கல்லின்மேல் அமர்ந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும். எங்கிருந்தோ ஒருவர் கூவி அழைக்கும் குரல் கேட்டது. இடப்பக்கத்திலிருந்து வருவது போலத் தோன்றிற்று. மறுமுறை வலப்பக்கத்திலிருந்து வருவது போலத் தோன்றிற்று. என் மாணவர் எழுந்து, நீண்ட ஒலியாக ஒரு குரல் கொடுத்தார். மறுகுரல் வந்தது. ஆனால் அவர் உடனே ஓடவில்லை. என் கைத்தடியை எடுத்து என்னிடம் கொடுத்து, “ஐயா, இந்தக் கல்லை விட்டு எழக்கூடாது. தடியால் கல்லைத் தட்டிக்கொண்டே இருங்கள். அந்த ஓசை என் காதில் விழும் தூரம்வரைதான் நான் போவேன். ஓசை தேயத் தொடங்கினால் திரும்பிவிடுவேன்” என்றார். பத்து அடி நடந்தார், மறைந்தார். நான் தட்டிக்கொண்டே இருந்தேன்.

சிறிது நேரத்தில் ஓர் இளைஞனைக் கைப்பற்றி அழைத்து வந்தார். கல்லூரி மாணவன். மெல்லிய பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டும்படி நனைந்திருந்தது. உதடு துடித்தது. “குளிருகிறதா?” என்று கேட்டதற்கு, “இல்லை” என்றான். ஆனால் அந்தச் சொல்லே நாக்குக் குழறித்தான் வந்தது. ஈரச் சட்டையைக் கழற்றச் செய்து, தம் கம்பளியை அவன்மேல் போர்த்தி, குடுவையிலிருந்த சூடான சுக்குக் காப்பியைச் சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தார் என் மாணவர். கொஞ்சம் தெளிந்த பிறகு அவன் விவரம் சொன்னான். நண்பர்கள் இருவராக வந்தார்களாம். கதிரவன் எழும் காட்சியைப் பாறை விளிம்பிலிருந்து காண வேண்டும் என்ற ஆவலில், “நீ மெல்ல வா” என்று சொல்லிவிட்டு மற்றவன் முன்னே விரைந்து சென்றுவிட்டானாம். அதன் பிறகுதான் பனி சூழ்ந்திருக்கிறது. கைப்பேசி இருவரிடமும் இருந்தது. அவ்விடத்தில் அது பயன்படவில்லை.

அவனைத் தேடி அந்தப் பனிக்குள் மூவரும் போகலாம் என்று இளைஞன் மன்றாடினான். என் மாணவர் இணங்கவில்லை. “இப்போது போனால் தேட வேண்டியவர்கள் நான்கு பேர் ஆவோம்” என்றார். கல்லைத் தட்டும் ஓசையும் குரலும் விடாமல் சென்றுகொண்டிருந்தன. ஒரு மணி நேரத்துக்குப் பின் வெயில் ஏறிப் பனி விலகிற்று. மற்ற இளைஞன் எங்களுக்கு நூறடி தூரத்தில் ஒரு புதரின் அருகே குந்தியிருந்தான். எங்கள் ஓசை அவனுக்குக் கேட்டிருக்கிறது. எத்திசையிலிருந்து வருகிறது என்பது மட்டும் விளங்கவில்லை. நெடுந்தூரம் நேராக நடந்து வந்து களைத்து உட்கார்ந்ததாகச் சொன்னான்.

ஆனால் புல்வெளி வேறு கதை சொன்னது. வெள்ளி பூசியது போன்ற பனித்துளிப் பரப்பில் அவன் கால் பட்ட இடமெல்லாம் துளி உதிர்ந்து கரும்பச்சைக் கோடாகத் தெரிந்தது. அக்கோடு நேராகச் செல்லவில்லை. வளைந்து, சுழன்று, புறப்பட்ட இடத்திற்கே திரும்பி, மீண்டும் ஒரு வட்டம் இட்டிருந்தது. ஓரிடத்தில் அந்த வட்டம் பாறை விளிம்பிலிருந்து ஐந்தாறு அடி தூரத்தில் சென்றிருந்தது. நாங்கள் நால்வரும் அதைப் பார்த்தோம். ஒருவரும் பேசவில்லை.

அந்த இளைஞன் பொய் சொல்லவில்லை. தான் நேராக நடந்ததாகவே அவன் நம்பினான். இது அவனுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. மனித இயல்பே அதுதான். 2009ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்து ஆய்வுரை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் ஒரு காட்டிலும் சகாரா பாலைவனத்திலும் சிலரை நேராக நடக்கச் சொல்லி, அவர்கள் சென்ற வழியைக் கருவி கொண்டு பதிவு செய்தனர். கதிரவனோ நிலவோ கண்ணுக்குத் தெரிந்தவரை அவர்கள் ஏறக்குறைய நேராக நடந்தார்கள். மேகம் மறைத்தவுடன் வட்டமிடத் தொடங்கினார்கள். கண்ணைக் கட்டி நடக்கவிட்டபோது, வட்டத்தின் விட்டம் 20 மீட்டர் அளவுக்குக்கூடச் சுருங்கிற்று. தாம் வளைந்து செல்கிறோம் என்பதை நடந்தவர்கள் உணரவில்லை. வெளியே ஓர் அடையாளம் இல்லாதபோது, நேர் எது என்று உள்ளம் கூறுவது அடிக்கு அடி சிறிது சிறிதாகப் பிசகுகிறது. பிசகு சேர்ந்து சேர்ந்து வட்டமாகிறது.

குளிரும் அதே வகையான வஞ்சனையைச் செய்கிறது. நம் உடலின் வெப்பம் ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது ஆபத்தான நிலை என்று மருத்துவம் கூறுகிறது. அதற்கு நீர் உறையும் அளவுக்குக் குளிர வேண்டும் என்பதில்லை. நனைந்த ஆடையும் வீசும் காற்றும் சேர்ந்தால், பத்து டிகிரிக் குளிரிலும் அந்நிலை வரக்கூடும். முதலில் உடல் நடுங்கும், பிறகு பேச்சுக் குழறும், கை தடுமாறும், சிந்தனை மங்கும். குளிருக்கு ஆளானவன் தன் சிந்தனை மங்குவதைத் தானே அறிய மாட்டான். தனக்கு ஒன்றுமில்லை என்றே சொல்லுவான். அறியக்கூடியவன் பக்கத்தில் நடப்பவன் ஒருவனே.

இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பனியும் குளிரும் கண்ணையும் காலையும் மட்டும் தாக்குவதில்லை. நமது தீர்மானத்தையே தாக்குகின்றன. தவறான வழியில் செல்பவனுக்குத் தன் வழி சரியாகவே தோன்றும்படி செய்கின்றன. ஆகவே மலையில் துணை என்பது பேச்சுக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மட்டும் அமைவது அன்று. நம்மிடம் நாம் காண முடியாததைக் காண்பதற்காகவே துணை வேண்டியிருக்கிறது. துணையைப் பிரிந்த நொடியில், முன்னே சென்றவன், பின்தங்கியவன் ஆகிய இருவருமே அந்தக் கண்ணை இழந்துவிடுகிறார்கள்.

வெண்பனி மலைகளில் ஏறுவோர் இதை நன்கு அறிவார்கள். அதனால்தான் அவர்கள் ஒருவரை ஒருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு நடக்கிறார்கள். 1953ஆம் ஆண்டில் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற குழுவில் நியூசிலாந்தைச் சேர்ந்த எட்மண்ட் ஹிலாரியும், டார்ஜிலிங்கில் வாழ்ந்த டென்சிங் நோர்கேயும் இருந்தனர். மலையின் கீழ்ப்பகுதியில், உறைபனி ஆற்றைக் கடக்கும்போது, ஹிலாரி ஒரு பனிப் பிளவுக்குள் விழுந்தார். மறுமுனையில் இருந்த டென்சிங் நொடியில் தம் பனிக்கோடரியைக் குத்தி ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்தார். ஹிலாரி உயிர் தப்பினார். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அவர் டென்சிங்கையே தமக்கேற்ற துணையாகக் கருதினார். 1953 மே 29ஆம் நாள் இருவரும் சிகரத்தை அடைந்தார்கள்.

அதற்கு முந்திய ஆண்டில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரேமண்ட் லாம்பர்ட் என்பவரோடு டென்சிங் அதே மலையில் மிக உயரம்வரை ஏறி, சிகரம் எட்டாமல் திரும்பியிருந்தார். அந்த நண்பர் அளித்த சிவப்புக் கழுத்துத் துணியை 1953இல் சிகரம் ஏறும்போது அவர் அணிந்திருந்தார். தன்னோடு சிகரம் வர இயலாத துணைக்கும் அவர் இடம் கொடுத்தார்.

சிகரத்தில் முதலில் கால் வைத்தவர் யார் என்று உலகம் கேட்டுக்கொண்டே இருந்தது. சேர்ந்தே அடைந்தோம் என்பதே தொடக்கத்தில் அவர்கள் அளித்த விடை. ஹிலாரி ஓரடி முன்னே சென்றார் என்று 1955இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் டென்சிங்கே எழுதினார். கயிற்றின் இரு முனைகளில் நடந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு சிறியதாகத் தோன்றியிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாணவர்களே, விடுமுறை நாட்களில் நீங்கள் மலைகளுக்குச் செல்கிறீர்கள். செல்லுங்கள், வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கொல்லிமலை, ஏர்க்காடு, கல்வராயன், நீலகிரி என்று நம் நாட்டில் நடந்து காண வேண்டிய மலைகள் பல. ஆனால் சில ஒழுங்குகளை மேற்கொள்ளுங்கள். எவ்வழியே செல்கிறீர்கள், எப்பொழுது திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். அவ்விடத்து மக்களின் சொல்லைக் கேளுங்கள்; அந்நிலத்தில் பல தலைமுறை வாழ்ந்தவர்கள் பெற்ற அறிவு அது. நனையாத மாற்றுடை ஒன்றை உறையில் இட்டு எடுத்துச் செல்லுங்கள். கூட்டத்தில் மெல்ல நடப்பவன் எவனோ, அவனுடைய வேகமே எல்லோருடைய வேகமாக இருக்கட்டும்.

பனி சூழ்ந்தால் நின்றுவிடுங்கள். ஒரு சீழ்க்கைக் குழல் சட்டைப் பையில் இருக்கட்டும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஒலித்து, ஒரு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் ஆறு முறை ஒலிப்பது மலையேறுவோர் உதவி கேட்கும் குறி. நிமிடத்திற்கு மூன்று முறை ஒலிப்பது அதற்கு மறுமொழி. உங்கள் நண்பனின் பேச்சுக் குழறினால், அவன் ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் நம்பாதீர்கள். உங்களைப் பற்றி உங்கள் நண்பன் அவ்வாறு கூறினால், அவன் சொல்லை நம்புங்கள். இவ்விரண்டில் பின்னதுதான் கடினமானது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணி செய்தவன் நான். முதல் மதிப்பெண், முதல் பரிசு, முதல் இடம் என்று முந்திச் செல்வதையே மாணவர்க்கு மீண்டும் மீண்டும் சொல்லும் உலகம் இது. தேர்வு மண்டபத்தில் முந்துங்கள். ஓட்டப் பந்தயத்தில் முந்துங்கள். ஆனால் முந்துதல் கேடாக முடியும் இடங்களும் வாழ்க்கையில் உண்டு. அங்கே திரும்பிப் பார்த்து நிற்பவனே தன்னையும் காத்துக்கொள்கிறான். தன் துணையையும் காக்கிறான். வரும் முன்பனிக் காலத்தில் உங்களுள் சிலர் ஏதேனும் ஒரு மலையில் நடப்பீர்கள். அப்பொழுது உங்களுக்குப் பின்னே வருபவனின் காலடி ஓசை உங்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும்.